பதினாலாம் நம்பர் ராணி

அத்தியாயம் 6

ராணியைக் காணோம் என்று போன் வந்தபோது ஹஸீனா தன் டன்லப் தெரு ஆபீஸில் ஏசி ரிப்பேர்க்காரரோடு மல்லுக்கு நின்றுகொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை, லிட்டில் இந்தியாவில் கூட்டம் நெரிகிற வேளை. பேசியவர் கோவிந்தராசு. பிடோக்கில் வீடு, வங்கியில் பெரிய உத்தியோகம். ஹஸீனா தனியாகத் துப்பறியத் தொடங்குவதற்கு முன், இன்ஷூரன்ஸ் கம்பெனியில் மோசடிகளைத் துருவிக்கொண்டிருந்த காலத்துப் பழக்கம்.

"எந்த ராணிண்ணே?" என்று கேட்டாள்.

"என் ராணிம்மா. கட்டைவிரல் உயரம்தான். சாயங்காலம் நடுவர்கள் பார்க்க வராங்க, அதுக்குள்ள வேணும். போலீஸ் மட்டும் வேணாம்."

ஹஸீனா போனை வைத்ததும், ஸ்பீக்கரில் எல்லாம் கேட்டிருந்த ஜெய் நாற்காலியிலிருந்து எழுந்தான். "கட்டைவிரல் உயரத்துல ஆளைக் காணோம்னா போலீஸ் சிரிப்பாங்க பாஸ். நாம சிரிக்க மாட்டோம், காசு வாங்குவோம்."

ஜெய் அவளுடைய உதவியாளன். வயது இருபத்தாறு. வேலையில் கெட்டி, வாயில் அதைவிடக் கெட்டி.

கோவிந்தராசு வரச் சொன்ன மண்டபம் இரண்டு தெரு தள்ளி ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாவது மாடியில் இருந்தது. லிஃப்டில் இடமில்லாமல் படியேறினார்கள். மேலே போய்ச் சேர்ந்தபோது ஹஸீனாவின் மூக்குக்கண்ணாடி வியர்வையில் மங்கியிருந்தது. அந்த மங்கலிலும் கண்ட காட்சி அவளை வாசலிலேயே நிறுத்திவிட்டது. நீள நீள மேசைகள், ஒவ்வொன்றிலும் ஒரு போர்க்களம். பஞ்சில் செய்த புகை, ஸ்பாஞ்சு மரங்கள், இடிந்த கோட்டைச் சுவர்கள், நடுவே விரல் உயரப் படைகள். நரைத்த தலைகளும் நரைக்காத தலைகளும் குனிந்து, அளவு நாடாவை நீட்டித் தூரம் பார்த்து, பகடையை உருட்டி, செத்த வீரர்களை ஒவ்வொருவராக எடுத்து மேசையோரத்தில் அடுக்கிக்கொண்டிருந்தன. பரீட்சை எழுதுகிறவர்களிடம்கூட அவ்வளவு மும்முரத்தை அவள் பார்த்ததில்லை.

"இத்தனை பேர் சாகிறாங்க, அழ ஒரு ஆள் இல்ல," என்றான் ஜெய்.

முதல் மேசையில் விளையாடிக்கொண்டிருந்த ஒல்லியான இளைஞன் நிமிர்ந்து ஸலாம் சொன்னான். "யாரைத் தேடுறீங்க லாத்தா?" என்று சொந்த அக்காவிடம் கேட்பதுபோல் அக்கறையாகக் கேட்டு, விளையாட்டை நிறுத்திவிட்டு, அவர்களைக் கோவிந்தராசுவிடம் கூட்டிக்கொண்டு போய் விட்டான். பெயர் முஆத். முதுகில் ஒரு பெரிய கறுப்புப் பை. பத்தடி நடப்பதற்கு அதை எதற்குச் சுமக்க வேண்டும் என்று ஹஸீனா அப்போதே மனசில் குறித்துக்கொண்டாள். பிறகு அதை நினைத்து நினைத்து நொந்துகொள்ளப் போகிறாள் என்பது அப்போது அவளுக்குத் தெரியாது.

சுவரோரம் ஒரு நீண்ட மேசையில் வெள்ளைத் துணி விரித்து, போட்டிக்கு வந்த உருவங்களை நிறுத்தியிருந்தார்கள். ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு எண் அட்டை. பதினாலாம் எண்ணுக்குப் பின்னால் ராணி இல்லை. அங்கே யாரோ விட்டுப்போன ஒரு டிஷ்யூ பாக்கெட்தான் கிடந்தது.

ஹஸீனா அதிலிருந்து ஒரு தாளை உருவி நெற்றியைத் துடைத்தாள். இன்னொன்றில் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பாக்கெட்டைக் கைப்பையில் போட்டாள். இப்போது எல்லாம் தெளிவாகத் தெரிந்தது.

"கண்ணாடிப் பெட்டி எதுவும் வைக்கலையாண்ணே? பொம்மைகளை இப்படித் திறந்தா போடுவாங்க?"

பொம்மை என்ற சொல்லைக் கேட்டு கோவிந்தராசு முகம் சுளித்தார். பெட்டி தேவைப்பட்டதே இல்லை என்றார். இந்த விளையாட்டில் ஒரு கட்டுப்பாடு உண்டாம். அடுத்தவர் உருவத்தை அனுமதி இல்லாமல் யாரும் தொடுவதில்லை. அனுமதி கிடைத்தாலும் காலடியில் இருக்கும் வட்டத் தட்டைப் பிடித்துத்தான் தூக்க வேண்டும், உடம்பில் விரல் பட்டால் வண்ணம் போய்விடும். அந்த ராணிக்கு அவர் ஒரு வருஷம் வண்ணம் தீட்டியிருக்கிறார். மெல்லிய தூரிகை, பூதக்கண்ணாடி, ஞாயிறுதோறும். போனில் அதன் படத்தை ஹஸீனாவுக்கு அனுப்பினார். அவள் அதை ஒரு பார்வை பார்த்து மூடிவிட்டாள். காணாமற்போன பொருளைவிட எடுத்த ஆளைத் தேடுவதுதான் அவள் வழக்கம்.

அவள் போட்ட கணக்கு சுருக்கமானது. மேசையில் இதைவிடப் பகட்டான உருவங்கள் இருக்க இந்த ராணி மட்டும் போயிருக்கிறாள். அதன் அருமை தெரிந்தவன்தான் எடுத்திருப்பான், அதாவது ஆடுகிறவர்களில் ஒருவன். விசாரித்தாள். காலை ஆட்டத்தில் கோவிந்தராசுவிடம் படுதோல்வி அடைந்தவன் முஆத். ஆட்டத்தின் நடுவே போனைப் பார்த்துவிட்டு அடிக்கடி வெளியே போய் வந்தவனும் அவன்தான். கழிவறைக்குப் போனால்கூடப் பையைக் கழற்றவில்லை என்று இரண்டு பேர் சொன்னார்கள்.

"பையை மாட்டிக்கிட்டே திரியறது குத்தம்னா எம்ஆர்டி ரயில்ல பாதிப் பேரைப் பிடிக்கணும் பாஸ்," என்றான் ஜெய்.

"நீ சும்மா இரு."

முஆத் தன் மேசையில், எதிராளி அஃப்னானின் குதிரைப்படை எத்தனை அங்குலம் நகரலாம் என்று அளந்துகொண்டிருந்தான். அஃப்னான் வெறும் எதிராளி இல்லை, வருங்கால மச்சான். அவன் தங்கையோடு முஆதுக்கு அடுத்த மாதம் நிக்காஹ். இதையும் விசாரிப்பிலேயே யாரோ சொல்லியிருந்தார்கள். ஹஸீனா அதைக் காதில் வாங்கி அந்தக் காதாலேயே விட்டுவிட்டாள்.

"தம்பி, அந்தப் பையைக் கொஞ்சம் திறந்து காட்டறியா?"

"எதுக்கு லாத்தா?"

அவள் காரணத்தைச் சொன்னாள். சத்தமாகவே சொன்னாள். பக்கத்து மேசைகளில் பகடைச் சத்தம் நின்றது. முஆதின் முகம் வெளுத்தது. கை தானாகப் பையின் வாரை இறுக்கிப் பிடித்தது. முடியாது என்று தலையசைத்தான். அந்த முகத்தைப் பார்த்ததும் ஹஸீனாவுக்குச் சந்தேகமே இல்லாமல் போய்விட்டது. இப்படி வெளுக்கிற முகங்களை அவள் எத்தனை பார்த்திருக்கிறாள்.

"திறக்க மாட்டேன்னு சொல்ல உனக்கு உரிமை இருக்கு தம்பி. ஆனா இத்தனை பேர் பார்த்துக்கிட்டு இருக்காங்க. உன் மச்சானும் நிக்கிறார். திறக்கலைன்னா உன்னைப் பத்தி என்ன நினைப்பாங்க?"

கூட்டம் சேர்ந்துவிட்டது. வாசல் பக்கத்திலிருந்து மஞ்சள் நிறக் குர்தா போட்ட ஒரு பெண்மணி, கைப்பையை மார்போடு அணைத்தபடி உள்ளே எட்டிப் பார்த்து, என்னம்மா பிரச்சினை என்று ஹஸீனாவிடமே கேட்டார். "ஒண்ணுமில்லைங்க, திருடனைப் பிடிச்சாச்சு," என்றாள் ஹஸீனா திரும்பிக்கூடப் பார்க்காமல். பெண்மணி அப்படியே பின்வாங்கிப் போய்விட்டார்.

முஆத் பையை மேசை மேல் வைத்துத் திறந்தான். உள்ளே ராணி இல்லை. பளிச்சென்ற ஆரஞ்சு நிறத்தில் உணவு விநியோகிக்கிறவர்கள் போடும் ஒரு சட்டை மடித்து வைத்திருந்தது. அதே நிறத்தில் ஒரு மழை அங்கி. சூடு தாங்கும் பை ஒன்று, நான்காக மடித்தது. அவ்வளவுதான்.

"நீ ஒன் நார்த் பக்கம் ஆபீஸ் வேலைன்னுதானே..." என்று தொடங்கிய அஃப்னான் பாதியில் வாயை மூடிக்கொண்டான்.

மூடியும் பயனில்லை. கேட்க வேண்டியவர்கள் எல்லாரும் கேட்டுவிட்டார்கள். முஆத் ஒவ்வொன்றாக எடுத்து உதறிக் காட்டினான். பையைத் தலைகீழாகக் கவிழ்த்தான். "நல்லாப் பார்த்துக்குங்க மேடம்," என்றான். பிறகு எல்லாவற்றையும் அள்ளித் திணித்துக்கொண்டு, ஆட்டத்தை அப்படியே போட்டுவிட்டு வெளியே போய்விட்டான். லாத்தா என்று கூப்பிட்டவன் மேடம் என்றதுதான் ஹஸீனாவுக்கு நறுக்கென்று குத்தியது. சுற்றி நின்றவர்கள் அவளைப் பார்க்காமல் தங்கள் படைகளைப் பார்த்தார்கள். கோவிந்தராசுகூட எங்கேயோ பார்த்தார்.

இரண்டு பேரும் லிஃப்டில் இறங்கித் தேக்கா உணவங்காடிக்கு வந்தபோது மதியக் கூட்டம் இன்னும் வடியவில்லை. ஜெய் தே தாரிக் டீ வாங்கப் போனான். வழக்கமாக அந்த நேரத்துக்குப் பத்து கிண்டல் வந்திருக்கும், ஒன்றும் வரவில்லை. அதுவே ஹஸீனாவுக்குப் போதுமான தண்டனையாக இருந்தது. ஓர் ஓரத்து மேசை காலியாயிற்று. கை கழுவிவிட்டு வரலாம் என்று எழுந்தவள், கைப்பையிலிருந்து டிஷ்யூ பாக்கெட்டை எடுத்து மேசை மேல் வைத்தாள். இந்த ஊரில் அப்படி ஒரு பாக்கெட் கிடந்தால் போதும், யாரும் அந்த இடத்தில் உட்கார மாட்டார்கள். ஆள் வரப் போகிறது என்று அர்த்தம்.

வைத்த கையை அவளால் எடுக்க முடியவில்லை.

ஜெய் இரண்டு கோப்பையோடு வந்தபோது அவள் அதே நிலையில் நின்றுகொண்டிருந்தாள்.

"ஜெய், இந்தப் பாக்கெட் என்னுது இல்ல."

"விடுங்க பாஸ், டிஷ்யூ கேஸெல்லாம் கோர்ட்டுல நிக்காது."

"இது ராணி நின்ன இடத்துல கிடந்தது."

ஜெய் கோப்பைகளைக் கீழே வைத்தான். புரிந்துவிட்டது என்று அவன் முகமே சொன்னது. இருந்தாலும் ஹஸீனா வாய்விட்டுச் சொன்னாள், தனக்கே சொல்லிக்கொள்வதுபோல. "திருடுறவன் இடம் பிடிச்சு வச்சுட்டுப் போவானா? எடுத்தவங்க திரும்பக் கொண்டுவந்து வைக்கத்தான் இதை வச்சுட்டுப் போயிருக்காங்க. வந்து பார்த்திருப்பாங்க. பாக்கெட் இல்ல. நான் எடுத்து மூஞ்சியைத் துடைச்சுட்டேன். மண்டபம் முழுக்கத் திருடன் திருடன்னு சத்தம். அந்த நேரத்துல யாரு கையில ராணியோட முன்னால வருவா?"

வெட்கம் அவளுக்கு உச்சந்தலையிலிருந்து இறங்கியது. பிறந்ததிலிருந்து இந்த ஊரில்தான் சாப்பிடுகிறாள். இப்படி ஒரு பாக்கெட்டைப் பார்த்து எத்தனை மேசைகளை விட்டு விலகிப் போயிருக்கிறாள். துப்பறியப் போன இடத்தில் மட்டும் அது அவள் கண்ணில் குப்பையாகப் பட்டது. அவள் சும்மா வீட்டில் கிடந்திருந்தால் ராணி தானாக வந்து நின்றிருப்பாள், அந்தப் பையனின் பையும் மூடியே இருந்திருக்கும். தே தாரிக் ஆறிக்கொண்டிருந்தது. தொட மனசு வரவில்லை.

"அப்ப ஆடுறவங்க யாரும் எடுக்கல," என்றான் ஜெய், வழக்கத்துக்கு மாறாக அடக்கமாக. "அவங்கதான் அடுத்தவங்களுதைத் தொட மாட்டாங்களே. வெளியாள். ஆனா வெளியாளுக்கு அத்தனை பொம்மைல இந்த ஒண்ணு மட்டும் ஏன்?"

அதுதான் கேள்வி. மண்டபத்திலேயே கேட்டிருக்க வேண்டிய கேள்வி. ஹஸீனா போனை எடுத்து, மூடி வைத்த படத்தைத் திறந்து, விரலால் பெரிதாக்கினாள். கவசம், கிரீடம், கையில் வாள். இன்னும் பெரிதாக்கினாள். திரையில் விரிந்த அந்த முகம் எந்தக் கதையிலிருந்தும் வந்த முகமாக இல்லை. வயது ஐம்பதுக்குப் பக்கம். வலது மூக்கில் ஒற்றைக்கல் மூக்குத்தி. இடது புருவத்தின் நடுவே ஒரு சின்ன வெட்டுத் தழும்பு. கோவிந்தராசு ஒரு வருஷம் எதற்குச் செலவழித்தார் என்று இப்போது தெரிந்தது.

ஜெய் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தான். "இந்தம்மாவை நான் பார்த்தேன் பாஸ். மஞ்சளா குர்தா போட்டுக்கிட்டு வாசல்ல நின்னு உங்ககிட்டகூட ஏதோ கேட்டாங்க."

கேட்டார். அவளும் பதில் சொன்னாள். திருடனைப் பிடிச்சாச்சு என்று.

ராணியைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கும் போக முடியாது, மண்டபத்துக்குள்ளும் வர முடியாது. அப்படிப்பட்டவர் எங்கே இருப்பார் என்று யோசிக்க அதிக நேரம் ஆகவில்லை. இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவே, படியில் அவர் உட்கார்ந்திருந்தார். மூக்குத்தி, புருவத் தழும்பு, எல்லாம் படத்தில் உள்ளபடியே. விரித்த உள்ளங்கையில் ராணி படுத்திருந்தாள்.

"நான் திருடி இல்லம்மா," என்றார் ஹஸீனாவைக் கண்டதும்.

"தெரியும்ங்க. திருடனைப் பிடிச்சாச்சுன்னு சொன்ன வாய்தான் இப்ப உங்க முன்னால நிக்குது," என்று அவருக்குக் கீழ்ப்படியில் உட்கார்ந்தாள் ஹஸீனா.

அவர் சங்கீதா, கோவிந்தராசுவின் மனைவி. ஒரு வருஷமாக ஞாயிறு தவறாமல் புருஷன் ஆபீஸ் கருத்தரங்கு என்று கிளம்பிப் போகிறார். வரும்போது விரலில் வண்ணம் ஒட்டியிருக்கிறது, சட்டையில் பெயிண்ட் வாடை அடிக்கிறது. வேறெங்கோ ஒரு வீடு பிடித்து அதற்கு வெள்ளையடித்துக்கொண்டிருக்கிறார் என்றே சங்கீதா முடிவு கட்டிவிட்டார். வீடு என்றால் அதில் ஒருத்தி இருக்கத்தானே வேண்டும். அவளையும் கையும் களவுமாகப் பிடித்துவிடலாம் என்று இன்றைக்குப் பின்னாலேயே ரயிலேறி வந்தார். பிடித்தும்விட்டார். மேசை மேல், பதினாலாம் எண்ணுக்குப் பின்னால், கிரீடம் வைத்துக்கொண்டு சங்கீதாவே நின்றிருந்தார்.

"வெளிச்சத்துல ஒரு தடவை பார்த்துட்டு வச்சிடலாம்னுதான், டிஷ்யூ பாக்கெட்டை இடத்துல போட்டுட்டு ஜன்னலோரம் எடுத்துட்டுப் போனேன். அழுகை வந்துடுச்சு, நிக்கவே இல்ல. மூஞ்சி கழுவிக்கிட்டு வந்தா உள்ள யாரையோ நிறுத்தி வச்சு விசாரிக்கிறாங்க. நான்தான்னு சொல்ல வாய் வரல. அந்தப் பையன் மூஞ்சி கண்ணுக்குள்ளயே நிக்குது."

கிரீடத்தைப் பிடித்துத் தூக்கியதில் தங்க வண்ணம் கொஞ்சம் அவர் கட்டைவிரலுக்கு வந்திருந்தது. அதை மறைக்கப் பார்த்தார்.

ஜெய் போய்க் கோவிந்தராசுவைக் கூட்டிவந்தான். படியில் மனைவியைக் கண்டதும் அவர் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டார். இந்த வயதில் சின்ன உருவங்களை வைத்து விளையாடுகிறேன் என்று வீட்டில் சொல்ல வெட்கமாக இருந்தது என்பதை அவர் நாலு தடவை நாலு விதமாகச் சொன்னார். உங்களைப் போய்ச் சந்தேகப்பட்டேனே என்று சங்கீதா தலையைக் குனிந்துகொண்டார். இரண்டு பேரும் மாறி மாறி மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்த இடத்தில் மூன்றாவது ஆளுக்கு வேலை இல்லை. ஹஸீனா மெதுவாகப் படியிறங்கினாள். அவளுக்கு வேறு இடத்தில் வேலை இருந்தது.

முஆத் தூரமாகப் போயிருக்கவில்லை. கட்டடத்தின் பின்பக்கம், சைக்கிள்கள் நிறுத்துகிற இடத்தில் ஆரஞ்சுச் சட்டையை மாட்டிக்கொண்டு நின்றான். இனி மறைக்க என்ன இருக்கிறது என்று போட்டுக்கொண்டதுபோல் இருந்தது. ராணி கிடைத்த விவரத்தை ஹஸீனா ஒளிக்காமல் சொன்னாள், டிஷ்யூவில் முகம் துடைத்தது உட்பட. எல்லாம் தன் தப்பு, மன்னித்துவிடு என்றாள்.

அவன் ஹெல்மெட்டின் வாரைச் சரிசெய்துகொண்டே கேட்டான். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

"பையைத் திறன்னு சொன்னப்ப எத்தனை பேர் நின்னாங்க மேடம்? மன்னிப்புக் கேட்க மட்டும் ஆளில்லாத இடமாப் பார்த்து வந்திருக்கீங்க."

அவன் சொன்னது அப்பட்டமான உண்மை. பின்பக்கம் நிற்கிறான் என்று ஜெய் சொன்னதும் அவள் மனசில் முதலில் வந்தது நிம்மதிதான். நல்லவேளை, அங்கே யாரும் இருக்க மாட்டார்கள் என்று. அந்த நிம்மதியை நினைக்க இப்போது கூசியது.

"மேல வா தம்பி. எல்லார் முன்னாலயும் சொல்றேன்."

"நான் வந்து உங்க பக்கத்துல நிக்கணுமா? இந்தச் சட்டையோடவா?" போன் சிணுங்கியது. ஏதோ ஆர்டர். அதைப் பார்த்துவிட்டுச் சைக்கிளில் ஏறினான். "சொல்றதுன்னா சொல்லுங்க. ஆனா என் வேலையைப் பத்தி ஒரு வார்த்தை வரக்கூடாது. வேலை போச்சுன்னு அஃப்னான்கிட்ட நான்தான் சொல்லியிருக்கணும். அது என் பேச்சு, அதை நான் பேசிக்கறேன். நீங்க உங்களதைப் பேசுங்க."

மேலே நடுவர்கள் வந்துவிட்டிருந்தார்கள். ராணி தன் எண்ணுக்குப் பின்னால் நின்றாள், கிரீடத்தில் ஒரு பக்கம் வண்ணம் இல்லாமல். அதைத் திருத்த வேண்டாம் என்று கோவிந்தராசு சொல்லிவிட்டாராம். பரிசு அறிவிக்க வைத்திருந்த மைக்கை ஹஸீனா கேட்டு வாங்கினாள். இன்ஷூரன்ஸ் கம்பெனியில் எத்தனையோ கூட்டங்களில் பேசியவள்தான். இன்றைக்கு அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். ஜெய் பக்கத்தில் வந்து, வேணும்னா நான் சொல்லிடவா பாஸ் என்று மெல்லக் கேட்டான். அவன் விளையாட்டாகக் கேட்கவில்லை. அவள் தலையசைத்து மறுத்தாள்.

தன் பெயரைச் சொன்னாள். ராணியை யாரும் திருடவில்லை என்றாள். கண் முன்னால் கிடந்த துப்பைத் தானே எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, ஒரு தப்பும் செய்யாத முஆதை இத்தனை பேர் நடுவில் குற்றவாளியாக நிற்கவைத்ததாகச் சொன்னாள். திறக்க மாட்டேன் என்று சொல்ல அவனுக்கு இருந்த உரிமையை மச்சான் பெயரைச் சொல்லிப் பறித்தது தன் ஆணவம் என்றாள். அதற்காக வெட்கப்படுகிறேன், மன்னிக்க வேண்டும் என்று முடித்தாள். பேசும்போது அவள் மேசைத் துணியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

முடித்து நிமிர்ந்தாள். மண்டபத்தில் பாதிப் பேர் தங்கள் ஆட்டத்தைத் தொடர்ந்துகொண்டிருந்தார்கள். முன்னால் நின்ற நாலைந்து பேர் மட்டும் சங்கடத்தோடு அவளைப் பார்த்தார்கள். எங்கோ பகடை உருளும் சத்தம் கேட்டது. சொல்லியாகிவிட்டது, ஒருவழியாக முடிந்தது என்று மைக்கைக் கீழே வைக்கப் போனாள்.

"ஒண்ணும் கேட்கல மேடம்."

குரல் பின்னாலிருந்து வந்தது. வாசலருகே, ஆரஞ்சுச் சட்டையில், ஹெல்மெட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, ஆர்டருக்குக் கிளம்பிய முஆத் நின்றான். அவன் சொன்ன பிறகுதான் எல்லாத் தலைகளும் திரும்பின, முதலில் அவன் பக்கம், பிறகு அவள் பக்கம். அஃப்னான் தன் மேசையை விட்டு எழுந்து அவனிடம் போய்க்கொண்டிருந்தான்.

ஜெய் மைக்கை வாங்கிப் பார்த்தான். போடவே இல்லை. கட்டைவிரலால் பொத்தானைத் தள்ளிவிட்டு, அதை அவள் கையில் திரும்பக் கொடுத்தான். பகடைச் சத்தம் நின்றுபோயிருந்தது. எல்லாரும் இப்போது அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஹஸீனா முதல் வார்த்தையிலிருந்து மறுபடி ஆரம்பித்தாள். இந்த முறை எல்லாருக்கும் கேட்டது.